உரிமம் யாரைத் தடுக்கிறது?

அறுவை சிகிச்சையில் கத்தி தவறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். மரபணுப் பரிசோதனையின் முடிவைத் தவறாகப் படித்துச் சொன்னால் தெரியாது. "உங்களுக்கு ஒன்றும் இல்லை, நிம்மதியாகப் போங்கள்" என்று அனுப்பிவைக்கப்பட்ட பெண்ணுக்குப் பத்தாண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். அவருக்கு வராமல் அவருடைய தங்கைக்கு வரலாம். இருவருக்குமே வராமலும் போகலாம். வந்தாலும், பத்தாண்டுக்கு முன் ஓர் அறையில் நடந்த அரைமணி நேரப் பேச்சுதான் காரணம் என்று யார் கண்டுபிடிப்பது?

தீங்கே கண்ணுக்குத் தெரியாத ஒரு தொழிலுக்கு அரசு உரிமம் கொடுக்கத் தொடங்குகிறது. அந்த உரிமத்தால் மக்களுக்கு நன்மை விளைந்ததா இல்லையா என்று எப்படி அளப்பது? அமெரிக்காவின் மாநிலங்கள் ஏறக்குறைய கால் நூற்றாண்டாக இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. மற்ற நாடுகளுக்கும் இது இன்றோ நாளையோ வரப்போகும் கேள்விதான்.

மரபணு ஆலோசனை என்ற இந்தத் தொழிலின் பெயரை 1947இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஷெல்டன் ரீட். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனத்தில் அப்போதுதான் பொறுப்பேற்றிருந்தார். அந்த நிறுவனத்துக்குச் சொத்தை எழுதிவைத்த சார்லஸ் டைட், 'தகுதியானவர்களே பிள்ளை பெற வேண்டும்' என்று பிரசாரம் செய்த இனமேம்பாட்டுவாதி. அவருடைய பணத்தில் நடந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு, யார் பிள்ளை பெறலாம் என்று சொல்வது நம் வேலை இல்லை, தகவலைப் புரியும்படி சொல்வதும் குடும்பத்தின் மனநிலையைப் புரிந்துகொள்வதும்தான் நம் வேலை என்றார் ரீட். முடிவு குடும்பத்தினுடையது. இந்தத் தொழிலின் அடிப்படை அறம் இன்றும் இதுதான்.

1969இல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரி இதற்கென்றே ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. முதல் மாணவர்கள் 1971இல் வெளியே வந்தார்கள். 1979இல் ஆலோசகர்களின் தேசியச் சங்கம் உருவானது. தகுதித் தேர்வு நடத்துவதற்கென்று அமெரிக்க மரபணு ஆலோசனை வாரியம் 1993இல் ஏற்பட்டது. ஆக, முதல் உரிமச் சட்டம் வருவதற்கு முன்பே படிப்பு, தேர்வு, சான்றிதழ் மூன்றும் இருந்தன. உரிமம் வெற்றிடத்தில் வந்து உட்காரவில்லை. பின்னால் அளக்கப் போகும்போது இதுவே முதல் சிக்கலாக நிற்கும்.

ஆலோசகர் செய்வது என்ன? பிஆர்சிஏ1 மரபணுவை எடுத்துக்கொள்வோம். இதில் நோய்க்குக் காரணமான மாற்றம் உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 சதவீதம் என்றும், சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 44 சதவீதம் என்றும் 2017இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அமெரிக்கப் பெண்களின் பொதுவான மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 13 சதவீதம் அளவில்தான். இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால்தான் சிலர் நோய் வருமுன்பே மார்பகங்களை அகற்றிக்கொள்கிறார்கள். ஆனால் ஆய்வக அறிக்கை எப்போதும் 'இருக்கிறது', 'இல்லை' என்று இரண்டில் ஒன்றைச் சொல்வதில்லை. 'மாற்றம் இருக்கிறது, அது தீங்கானதா என்று இன்னும் தெரியவில்லை' என்ற மூன்றாவது விடையும் உண்டு. ஐரோப்பிய வம்சாவளி அல்லாதவர்களுக்கு இந்த விடை அதிகமாக வருகிறது. அவர்களுடைய மரபணுத் தகவல்கள் தரவுத்தளங்களில் குறைவாக இருப்பதே காரணம். இந்த மூன்றாவது விடையை முதல் விடையாகப் படித்துவிட்டால், நன்றாக இருக்கும் உறுப்பு வெட்டி எடுக்கப்படும்.

இது கற்பனைப் பயம் இல்லை. யேல் பல்கலைக்கழகப் புற்றுநோய் மரபணு ஆலோசகர்கள் 2010இல் தங்களிடம் வந்த தவறுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். 2012இல் நாடு முழுவதிலுமிருந்து திரட்டிய தொகுப்பு வந்தது. தவறான பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தது, முடிவைத் தப்பாகப் புரிந்துகொண்டது, ஆலோசனையே இல்லாமல் பரிசோதித்தது என்று மூன்று வகைகளாக அவை விழுந்தன. விளைவு: தேவையற்ற அறுவை, வீணான பணம், பொய்யான நிம்மதி.

உரிமம் கேட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குப் போனவர்கள் இத்தகைய சான்றுகளைத்தான் கையில் எடுத்துச் சென்றார்கள். யூட்டா 2001இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டே முதல் உரிமத்தை வழங்கியது. கலிஃபோர்னியா அதற்கு முந்தைய ஆண்டே சட்டம் நிறைவேற்றியும், விதிமுறைகள் எழுதி உரிமம் கொடுக்கச் சுமார் பத்தாண்டு இழுத்தடித்தது. இப்போது 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உரிமம் உண்டு. அங்கீகாரம் பெற்ற முதுகலைப் பட்டம், வாரியத் தேர்வில் தேர்ச்சி, கட்டணம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடர்கல்வியோடு புதுப்பித்தல் என்று எல்லா இடத்திலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

யேல் தொகுப்பை இன்னொரு முறை படித்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ள தவறுகளைச் செய்தவர்கள் யார்? போலி மரபணு ஆலோசகர்கள் அல்லர். பெரும்பாலும் மருத்துவர்கள், செவிலியர்கள்: வேறு உரிமம் வைத்திருப்பவர்கள், மரபணுவியலில் தனிப் பயிற்சி இல்லாதவர்கள். உரிமச் சட்டமோ அவர்களைத் தொடுவதில்லை. மருத்துவரும் பிற உரிமம் பெற்ற நலப்பணியாளரும் தங்கள் தொழில் எல்லைக்குள் செய்வதை இச்சட்டம் தடுக்காது என்ற விலக்கு ஏறக்குறைய எல்லா மாநிலச் சட்டங்களிலும் இருக்கிறது. 'மரபணு ஆலோசகர்' என்ற பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாத வரையில் அவர்கள் பரிசோதனைக்கு எழுதலாம், முடிவை விளக்கலாம். முன்வாசலுக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதைதான்.

விலக்கு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்பதும் உண்மை. மருத்துவர் சங்கங்கள் விடமாட்டா. அதைவிட முக்கியமாக, ஆலோசகர்களின் எண்ணிக்கை போதாது. அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 33 கோடி. ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் என்று வைத்தாலும், நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் ஆலோசகர் 3,300 பேர் வேண்டும். 2018இல் வெளியான பணியாளர் ஆய்வு, அந்த அளவையே 2023, 2024 வாக்கில்தான் எட்ட முடியும் என்று மதிப்பிட்டது. 75,000 பேருக்கு ஒருவர் என்றால் 2029 அல்லது 2030 ஆகும் என்றது. இந்த நிலையில் மருத்துவர்களை விலக்கி வைத்தால் பரிசோதனையே நின்றுபோகும். ஆகவே விலக்கு சரியா தவறா என்று வாதாடுவதில் பயன் குறைவு. விலக்கு இருக்கும்போது, உரிமம் குறைக்கக்கூடிய தீங்கின் அளவு முதலிலேயே சிறுத்துவிடுகிறது. தாக்கத்தை அளப்பவர் இந்தச் சிறுத்த எண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

புதிய தொழில் ஒன்றுக்கு உரிமம் கேட்டு வந்தால், சட்டம் போடுவதற்கு முன்பே ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் வாஷிங்டன், கொலராடோ போன்ற மாநிலங்களில் உண்டு. 'சன்ரைஸ்' ஆய்வு என்பார்கள். அதன் கேள்விகள் எளியவை, கூர்மையானவை. ஒழுங்குமுறை இல்லாததால் மக்களுக்குத் தீங்கு நேர்ந்ததற்குச் சான்று உண்டா? நல்ல ஆளையும் மோசமான ஆளையும் மக்களால் தாங்களே பிரித்தறிய முடியாதா? உரிமத்தைவிட லேசான வழி, வெறும் பதிவோ பட்டப் பாதுகாப்போ, போதாதா? வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறை இந்தக் கேள்விகளை வைத்து ஆராய்ந்த பிறகு, 2009இல் சட்டம் வந்தது.

கேள்வி நல்லதுதான். விடை எழுதுவதில்தான் கோளாறு. தீங்குக்குச் சான்று கேட்டால், தொழிலில் இருப்பவர்களே தொகுத்த சம்பவங்கள் கிடைக்கும். செலவுக்குச் சான்று கேட்டால், உரிமக் கட்டணமும் வாரியத்தை நடத்தும் செலவும் கிடைக்கும். சம்பவங்கள் உருக்கமானவை, செலவு அற்பமானது. தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். உண்மையான செலவு இந்த இரண்டு பட்டியலிலும் வராது. ஆலோசகரிடம் போய்ச் சேர முடியாமலே நின்றுவிட்டவர்களின் செலவு அது. வராதவர்களைப் பற்றி எந்த மருத்துவமனையும் கோப்பு வைத்திருப்பதில்லை.

உரிமம் என்றாலே பொருளாதார அறிஞர்களுக்குச் சந்தேகம். போட்டியைக் குறைத்து விலையை ஏற்றும் சாதனம் அது என்று 1962இலேயே மில்டன் ஃப்ரீட்மன் ஒரு முழு அத்தியாயம் எழுதினார். மருத்துவர்களின் உரிமத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 2015இல் ஒபாமா காலத்து வெள்ளை மாளிகை அறிக்கையும் அதே பக்கம்தான் நின்றது. 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே மாநில உரிமம் தேவைப்பட்டது. 2008 வாக்கில் அது கால்வாசியை எட்டிவிட்டது. கடுமையான உரிமம் தரத்தை உயர்த்தியதாகக் காட்டிய ஆய்வுகள், பரிசீலித்த 12இல் 2 மட்டுமே. விலையை உயர்த்தியதாகக் காட்டியவை 11இல் 9.

இந்த எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து மரபணு ஆலோசகர்மேல் வைப்பவர்களும் உண்டு. அது பொருந்தாது. முடிதிருத்துபவருக்கு உரிமம் என்றால் வாடிக்கையாளர் கூடுதலாகச் சில டாலர் கொடுப்பார். விலை வழியாகத் தாக்கம் தெரியும். மரபணு ஆலோசகர் பெரும்பாலும் மருத்துவமனைச் சம்பளக்காரர். அவருடைய ஒரு மணி நேரத்துக்குச் சந்தை விலை என்று ஒன்று சரியாக உருவாகவே இல்லை. காப்பீடு கொடுப்பதும் சொற்பம். ஆட்கள் குறைந்தால் இங்கே விலை ஏறாது, காத்திருப்பு நீளும். விலையை மட்டும் பார்க்கிற பொருளாதார ஆய்வுக்கு எந்தத் தாக்கமும் தென்படாது. புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவைக்கு முன்பே மரபணு முடிவு தெரிய வேண்டிய பெண்ணுக்குத்தான் தென்படும்.

மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு ஆண்டில் சட்டம் வந்ததால், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இயற்கைச் சோதனை கிடைத்திருக்கிறதே என்று தோன்றும். சட்டம் வந்த மாநிலத்தில் முன்னும் பின்னும் என்ன மாறியது, வராத மாநிலத்தில் அதே காலத்தில் என்ன மாறியது, இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்கலாம். நல்ல முறைதான். ஆனால் 2013 நடுவில் வந்து நிற்கிறது. அந்த ஆண்டு மே மாதம் ஆஞ்சலினா ஜோலி தன் மார்பக அறுவையைப் பற்றி எழுதினார். அடுத்த மாதம் 13ஆம் தேதி, இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, மிரியட் நிறுவனம் பிஆர்சிஏ பரிசோதனைமேல் வைத்திருந்த தனியுரிமையை உடைத்தது. போட்டி ஆய்வகங்கள் அன்றைக்கே அறிவிப்பு வெளியிட்டன, விலை சரிந்தது, ஒரே ரத்த மாதிரியில் பல மரபணுக்களைப் பார்க்கும் தொகுப்புப் பரிசோதனைகள் பெருகின. இந்த வெள்ளத்துக்கு நடுவில் ஒரு மாநில உரிமச் சட்டத்தின் விளைவைத் தனியே பிரித்தெடுப்பது கடினம். சிறிய மாநிலங்களில் ஆலோசகர்களே சில டஜன் பேர்தான். இருவர் வேறு ஊருக்கு மாறினால் புள்ளிவிவரமே ஆடிவிடும். போதாததற்கு, ஆலோசகர்கள் ஏற்கெனவே நிறைய இருந்து சங்கமாகத் திரண்ட மாநிலங்களில்தான் சட்டமும் எளிதாக வருகிறது. எது காரணம், எது விளைவு?

அளக்க முடிந்த ஓர் அண்டைச் சம்பவம் இருக்கிறது. 2013 செப்டம்பரில் சிக்னா என்ற பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒரு விதி கொண்டுவந்தது: பிஆர்சிஏ போன்ற பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டுமென்றால், சான்று பெற்ற மரபணு வல்லுநரிடம் முதலில் ஆலோசனை பெற்றிருக்க வேண்டும். உரிமச் சட்டம் வைக்காத கட்டாயத்தைக் காப்பீடு வைத்தது. கொல்லைக் கதவும் மூடப்பட்டது என்றே சொல்லலாம். விளைவை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, விதிக்குப் பிறகு பாதியில் கைவிடப்பட்ட பரிசோதனைகளின் விகிதம் சுமார் மூன்று மடங்கு ஆனதாகவும், கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பெண்களிடையே அது இன்னும் கூடுதல் என்றும் காட்டியது. கைவிட்டவர்களில் தேவையில்லாமல் பரிசோதிக்க வந்தவர்கள் எத்தனை பேர், உண்மையிலேயே தேவைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. கட்டுரை எழுதியவர்களில் பலர் மிரியட் நிறுவனத்துக்காரர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பரிசோதனை நின்றால் நஷ்டம் அவர்களுக்கு. தீங்கைப் பற்றிய சான்று ஆலோசகர்களிடமிருந்து வருகிறது, தடையைப் பற்றிய சான்று ஆய்வகத்திடமிருந்து வருகிறது. இந்தத் துறையில் நடுநிலையான எண் ஒன்றைத் தேடுவதே பெரும்பாடு.

எனக்குத் தெரிந்து நம்பகமான அளவுகோலுக்கு மிக அருகில் வருவது சால்ட் லேக் சிட்டியில் உள்ள ஏரப் ஆய்வகத்தின் ஆய்வு. அங்கே வேலை செய்யும் மரபணு ஆலோசகர்கள், மருத்துவர்கள் எழுதி அனுப்பும் சிக்கலான பரிசோதனைச் சீட்டுகளைச் செய்வதற்கு முன் சரிபார்த்தார்கள். 2014இல் வெளியான கணக்குப்படி, ஏறத்தாழ 26 சதவீதச் சீட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. மிச்சமான பணம் சராசரியாக மாதம் 36,500 டாலர். ஒரே ஓர் ஆய்வகம்தான். ஆனாலும் இந்த எண் ஒரு வழியைக் காட்டுகிறது. பரிசோதனைகள் கூடினவா குறைந்தனவா என்பது உரிமத்தின் நன்மையைச் சொல்லாது. இரண்டுமே நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். சரியான ஆளுக்குச் சரியான பரிசோதனை எழுதப்பட்ட விகிதம் சட்டத்துக்கு முன் என்ன, பின் என்ன? அதுதான் கேள்வி. எந்த மாநிலத்திலிருந்து எந்தச் சீட்டு வந்தது என்பது ஆய்வகங்களிடம் இருக்கிறது. சட்டம் இயற்றும் மாநிலங்கள் அந்தத் தகவலைக் கேட்டு வாங்குவதைச் சட்டத்திலேயே எழுதியிருக்கலாம்.

இனி எல்லைப் பிரச்சினை. அமெரிக்காவில் தொலைமருத்துவத்துக்குப் பொதுவான விதி, நோயாளி எங்கே இருக்கிறாரோ அந்த மாநிலத்தின் உரிமம் வேண்டும் என்பது. ஐடஹோவில் இருக்கும் ஒருவர் நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு சால்ட் லேக் சிட்டிக்கு வந்து பேசினால் யூட்டா உரிமம் போதும். அதே பேச்சை வீட்டில் இருந்தபடி தொலைபேசியில் பேசினால் ஆலோசகருக்கு ஐடஹோ உரிமம் வேண்டும். மரபணு ஆலோசனையில் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. குடும்ப வரலாறு கேட்பதும், படம் வரைவதும், விளக்குவதும்தான். தொலைபேசிக்கு இதைவிடப் பொருத்தமான மருத்துவத் தொழில் இருக்குமா என்பதே சந்தேகம். பல மாநிலங்களுக்குச் சேவை தரும் ஆலோசகர் பல உரிமங்களை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கோவிட் காலத்தில் மாநிலங்கள் இதைத் தளர்த்தின. பிறகு தளர்வுகள் ஒவ்வொன்றாக முடிந்தபோது, மாநில எல்லையைத் தாண்டிப் போய்க் காரை நிறுத்திவிட்டு மருத்துவரோடு காணொளியில் பேசிய நோயாளிகளைப் பற்றிய செய்திகள் வந்தன. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமும் நியாயமானதாகத் தெரியும். முப்பதையும் அடுக்கிவைத்தால் சுமை வேறு. ஒற்றை மாநிலத்துக்குச் செய்யும் தாக்க ஆய்வில் இந்தச் சுமை எங்கேயும் பதிவாகாது.

சட்டமன்றத்துக்குள் போன மசோதா, போன மாதிரியே திரும்பி வருவதும் இல்லை. வர்ஜீனியா 2014இல் உரிமச் சட்டம் இயற்றியபோது, தன் ஆழ்ந்த ஒழுக்க அல்லது மத நம்பிக்கைக்கு முரணான ஆலோசனையில் பங்கேற்க ஆலோசகர் மறுக்கலாம் என்ற பிரிவும் சேர்ந்துகொண்டது. கருக்கலைப்பு அரசியல் உள்ளே நுழைந்த இடம் அது. எந்தப் பக்கமும் சாய்க்காமல் தகவல் சொல்வதுதான் தொழில் என்று ரீட் வகுத்ததற்கு நேர் எதிரான ஒரு விலக்கை, அந்தத் தொழிலுக்கு அங்கீகாரம் தரும் சட்டமே கொடுத்தது. ஆலோசகர்களின் தேசியச் சங்கம் அந்தப் பிரிவை எதிர்த்தது; பிரிவு நின்றது.

உரிமம் கண்டுகொள்ளாத இன்னொன்றும் உண்டு. கணிசமான ஆலோசகர்கள் இன்று பரிசோதனை விற்கும் ஆய்வகங்களில் வேலை பார்க்கிறார்கள். அறிவு இருக்கிறதா என்று தேர்வு சோதிக்கும். சம்பளம் யார் தருகிறார்கள் என்று கேட்காது. இந்தியாவின் 1994ஆம் ஆண்டுக் கருப்பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இதில் வேறு திசையில் போனது: ஆளைவிட இடத்தையே முதலில் குறிவைத்து, மரபணு ஆலோசனை மையம், மரபணு ஆய்வகம் ஆகியவற்றைக் கட்டாயப் பதிவுக்குக் கீழே கொண்டுவந்தது. அதன் நோக்கம் பெண் கருவைக் காப்பது. ஆலோசனையின் தரம் அல்ல. ஆனாலும் நிறுவனத்தையும் பொறுப்பாளி ஆக்கலாம் என்பதற்கு அது ஓர் உதாரணம். பிரிட்டன் இரண்டையும் செய்யவில்லை. அங்கே ஆலோசகர்கள் தன்னார்வப் பதிவேட்டில் இருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வேலை தருவது தேசியச் சுகாதாரச் சேவை என்பதால், பதிவில்லாதவருக்கு வேலை கிடைப்பதே அரிது. சட்டம் செய்ய வேண்டியதை முதலாளியே செய்துவிடுகிறார்.

இவ்வளவுக்கும் பிறகு, அமெரிக்க உரிமச் சட்டங்கள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அவற்றின் பயனை எல்லோரும் தப்பான இடத்தில் தேடுகிறார்கள் என்பேன். போலிகளைத் தடுப்பதில் அவை சாதித்தது குறைவு. தடுக்க வேண்டிய அளவுக்குப் போலிகளே இருக்கவில்லை. உரிமம் உருப்படியாகச் செய்யக்கூடியது, தகுதியான ஆலோசகரின் கையைக் கட்டவிழ்ப்பது. சில மாநிலங்களின் சட்டம், ஆலோசகர் தானே பரிசோதனைக்கு எழுதிக்கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அங்கே மருத்துவரின் கையெழுத்துக்காக நோயாளி இன்னொரு முறை அலைய வேண்டியதில்லை. சீட்டும் விவரம் தெரிந்தவரின் கையிலிருந்தே போகிறது. வேறு மாநிலங்களில் உரிமம் வெறும் பட்டத்தை மட்டும் காக்கிறது. இரண்டையும் 'உரிமம் உள்ள மாநிலம்' என்று ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினால் தாக்கம் பூஜ்யத்துக்கு அருகில்தான் வரும். உரிமம் உண்டா என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அந்த உரிமம் எதைச் செய்ய அனுமதிக்கிறது என்று ஆய்வாளர்கள் வகைப்படுத்த வேண்டும்.

அதிலும் ஒரு பெரிய கட்டு மாநிலங்களின் கையில் இல்லை. 65 வயதைத் தாண்டியவர்களுக்கான மெடிகேர் காப்பீடு, மரபணு ஆலோசகரைத் தனியே பணம் பெறத் தகுதியுள்ள சேவையாளராக இன்னும் ஏற்கவில்லை. மருத்துவருக்குத் தருவதில் 85 சதவீதத்தை ஆலோசகருக்குத் தரலாம் என்று சொல்லும் மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்தில் பல முறை அறிமுகமாகியிருக்கிறது. ஒருமுறைகூட நிறைவேறவில்லை.